இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு அறுவை சிகிச்சை மட்டும் போதுமா?

தேனிக்காரன்:

அம்மாவுக்கு 72 வயது. போன மாதம் விடியற்காலையில் பாத்ரூமுக்குப் போகும்போது நிலைப்படியில் கால் இடறிப் பக்கவாட்டில் விழுந்தார். இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. புத்தூர் கட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சித்தப்பா ஒரு நாள் முழுக்கப் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்றாம் நாள் தொடை எலும்பின் மேல்முனைப் பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைத்தார்கள். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். அதில் எனக்குக் குறை இல்லை.

என் வருத்தம் வேறு. டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், வயிற்றுக்கு ஒரு மாத்திரை, கால்சியம், அவ்வளவுதான். பிரிட்டனில் நர்ஸாக இருக்கும் அக்கா மகள் போனில் கேட்ட முதல் கேள்வி, "மாமா, பாட்டிக்கு எலும்பு மருந்து எப்ப ஆரம்பிச்சாங்க?" என்பதுதான். அங்கே இடுப்பு முறிவுக்கென்று 2007 முதல் தேசியப் பதிவேடு இருக்கிறது. 36 மணி நேரத்துக்குள் அறுவை நடந்ததா, எலும்பைக் காக்கும் மருந்து பற்றி முடிவெடுத்தார்களா என்றெல்லாம் அதில் பதிய வேண்டுமாம். மறுபரிசோதனைக்குப் போனபோது நானும் இங்கே கேட்டேன். "வயசானா எலும்பு அப்படித்தான் இருக்கும், கால்சியம் போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே தொடை எலும்பு முறிகிறது என்றால், அது விழுவதற்கு முன்பே பலவீனமாக இருந்தது என்றுதானே பொருள்? மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இப்படி எலும்பு பலவீனமாகும் எலும்புப்புரை நோய்க்கும் அப்படி வர வேண்டும் என்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

காவிரிக்கரை:

தம்பி, அம்மா சீக்கிரம் தேறி வரட்டும். நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் கோரிக்கையை எதிர்க்கிறேன்.

அம்மாவை விழ வைத்தது நிலைப்படி. அதை விட்டுவிட்டு எலும்பின் மேல் பழி போடுகிறோம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5க்குக் கீழே போனால் நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 1994ல் ஒரு கோடு போட்டது. அந்தக் கோட்டுக்கு அளவுகோல் இளம் வெள்ளைக்காரப் பெண்களின் எலும்பு. எலும்பு முறிந்து வருபவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மாநிலம் முழுக்க மாத்திரை கொடுத்தால் என்ன நடக்கும்? தெருவுக்குத் தெரு குதிகால் ஸ்கேன் முகாம் போட்டு, ஐம்பது வயதுப் பெண்கள் எல்லோருக்கும் "உங்க எலும்பு வீக்" என்று சீட்டெழுதி அனுப்புவார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வைட்டமின் டி கதையும் அப்படித்தான். அமெரிக்காவில் 25,871 பேருக்கு நடந்த சோதனையின் முடிவு 2022ல் வந்தது. தினமும் 2,000 யூனிட் சாப்பிட்டவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் முறிவில் வித்தியாசமே இல்லை.

எலும்பறுவை:

ஐயா, வணக்கம். நான் எலும்பு அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு மாணவன். குதிகால் முகாம் பற்றிச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேனி அண்ணன் கேட்டது முகாம் பற்றி இல்லையே? ஏற்கெனவே முறிந்த ஒருவரைப் பற்றித்தானே கேட்கிறார். அவருக்கு ஸ்கேன் எண்ணே தேவையில்லை. இடுப்பு முறிந்ததே சான்று.

அந்த வைட்டமின் டி சோதனையில் இருந்தவர்கள் பொதுவாக ஆரோக்கியமானவர்கள், பெரும்பாலோருக்கு உடம்பில் போதிய வைட்டமின் டி இருந்தது. நம் ஊரில் வெயில் கொளுத்தினாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் வயதானவர்களின் நிலை வேறு. பிரான்ஸில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களுக்கு வைட்டமின் டியும் கால்சியமும் சேர்த்துக் கொடுத்தபோது ஒன்றரை ஆண்டில் இடுப்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. இது 1992லேயே வெளியான முடிவு.

மருந்துக்கு வருகிறேன். முதுகெலும்பில் ஏற்கெனவே முறிவு இருந்த 2,027 பெண்களிடம் எலும்பு கரைவதைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையைச் சோதித்து 1996ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகளில் இடுப்பு முறிவு பாதியானது.

காவிரிக்கரை:

டாக்டர் தம்பி, அந்தப் 'பாதி'யை விரித்துச் சொல்லுங்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 2.2 பேர், மருந்து எடுத்தவர்களில் 1.1 பேர். ஆயிரம் பேர் மூன்று வருஷம் சாப்பிட்டால் 11 பேர் தப்பிக்கிறார்கள். மற்ற 989 பேருக்கு, இடுப்பைப் பொறுத்தவரை, மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் பக்கவிளைவு ஆயிரம் பேருக்கும் வரலாம். தாடை எலும்பு அழுகல் உண்டு. பெரிய அடி எதுவும் படாமலே தொடை எலும்பு நடுவில் குறுக்காக முறிகிறது என்று அமெரிக்க அரசே 2010ல் எச்சரித்தது. அதுவும் ஆசியப் பெண்களுக்கு அதிகம். இதை யாராவது நோயாளியிடம் சொல்கிறார்களா?

எலும்பறுவை:

சொல்ல வேண்டும் ஐயா. சொல்லாமல் மருந்து கொடுப்பது தப்புதான்.

கலிபோர்னியாவில் சுமார் 1,96,000 பெண்களின் பதிவுகளைப் பார்த்து எழுதிய ஆய்வு 2020ல் வந்தது. 10,000 பெண்கள் மூன்று ஆண்டு இந்த வகை மருந்து எடுத்தால், வெள்ளையர்களில் 149 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்படுகின்றன, நீங்கள் சொல்லும் தொடை முறிவு இருவருக்கு வருகிறது. ஆசியர்களில் 91 தவிர்க்கப்படுகின்றன, 8 பேருக்கு வருகிறது. நீங்கள் சொன்னது சரி, நமக்கு ஆபத்து கூடுதல்தான். ஆனாலும் 91 எங்கே, 8 எங்கே? மருந்து எடுக்கும் காலம் நீள நீளத்தான் அந்த ஆபத்து ஏறுகிறது. அதனால்தான் மாத்திரை என்றால் ஐந்து வருஷம், நரம்பில் ஏற்றும் டிரிப் என்றால் மூன்று வருஷம் ஆனதும் நிறுத்தலாமா என்று பார்க்கச் சொல்கிறோம். தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ காரணமில்லாமல் வலி தொடங்கினால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தாடைப் பிரச்சினை, எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில், மிக அரிது. புற்றுநோய்க்கு மாதாமாதம் ஏற்றும்போதுதான் அதிகம் வருகிறது.

இன்னொன்று. இடுப்பு முறிந்து அறுவை முடிந்த 2,127 பேருக்கு, 90 நாளுக்குள் அதே வகையைச் சேர்ந்த ஸோலெட்ரோனிக் ஆசிட் டிரிப், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை என்று ஏற்றிப் பார்த்தார்கள். 2007ல் வந்த முடிவு இது. சுமார் இரண்டு ஆண்டில் புதிய முறிவு 100க்கு 13.9 பேரிலிருந்து 8.6 பேராகக் குறைந்தது. இறப்பு 13.3லிருந்து 9.6 ஆனது. தேனி அண்ணனின் அம்மா போன்றவர்கள்தான் அதில் இருந்தார்கள்.

காவிரிக்கரை:

அதே ஆய்வில் இடுப்பு முறிவை மட்டும் தனியாகப் பாருங்கள் தம்பி. 3.5க்கு 2.0. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற நிலையில்தான் இருந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை.

எலும்பறுவை:

ஆமாம் ஐயா, இடுப்பை மட்டும் நிரூபிக்கும் அளவுக்கு அதில் ஆட்கள் போதவில்லை. ஆனால் முறிவுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 19 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு முறிவு தவிர்க்கப்படுகிறது. பிபி மாத்திரைக்கு நாம் இவ்வளவு கணக்குக் கேட்பதில்லையே?

பழைய மருந்துக்கடை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். விருதுநகர் பக்கம் முப்பது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஆய்வில் வேலை செய்யும் மாத்திரை வீட்டில் ஏன் வேலை செய்வதில்லை என்று நான் சொல்கிறேன்.

அலெண்ட்ரோனேட் வாரம் ஒரு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரில் விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. எங்கள் ஊரில் ஆச்சிகள் எழுந்ததும் காபியோடுதான் போடுவார்கள். காபியோடு போனால் மருந்து உடம்பில் ஏறாது. சரியாக உட்காராமல் சாய்ந்துவிட்டால் நெஞ்சு எரியும். "இது ஒத்துக்கலை"ன்னு இரண்டாவது அட்டையோடு நிறுத்திவிடுவார்கள். வாரம் ஒன்று என்று சொல்லிக் கொடுத்ததைத் தினமும் போட்டவரும் உண்டு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி இன்னும் கவலை. ஒன்றோ இரண்டோ போட்டுவிட்டுக் காசில்லை என்று விட்டால், ஊசி தடுத்து வைத்திருந்த எலும்புக் கரைவு ஒரேயடியாகத் திரும்பி, முதுகெலும்பு ஒன்றுக்கு மேல் நசுங்கலாம். விடுவதாக இருந்தால் வேறு மருந்துக்கு மாறித்தான் விட வேண்டும். இதைத் தெரியாமல் யாரும் தொடங்கக் கூடாது.

அப்புறம் இந்த 'எலும்புத் தேய்மானம்' என்ற பேச்சு. மூட்டுவலியையும் அப்படித்தான் சொல்கிறார்கள், எலும்புப்புரையையும் அப்படித்தான் சொல்கிறார்கள். மூட்டுவலிக்காரர் எங்கேயோ பொட்டலம் கட்டித் தரும் பொடியை மாதக்கணக்கில் சாப்பிடுகிறார். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி சட்டென்று குறையும், எலும்பு உள்ளுக்குள் பொடிந்துகொண்டே வரும். எலும்புப்புரை முறியும் வரை வலிக்காது. வலிக்காத நோய்க்கு யார் மருந்து கேட்டு வருவார்கள்?

தேனிக்காரன்:

அண்ணாச்சி, அம்மாவும் முழங்கால் வலிக்கு இரண்டு வருஷம் ஒரு பொடி சாப்பிட்டார். இதை யாரும் எங்களிடம் கேட்கவே இல்லை.

பழைய மருந்துக்கடை:

மிச்சம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள் தம்பி. பல மாதம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பிசியோ அக்கா:

நான் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பவள். ஐயா சொல்வதிலும் தம்பி சொல்வதிலும் எனக்குச் சண்டையே தெரியவில்லை. இரண்டும் ஒரே வீட்டில்தான் நடக்கிறது.

நான் போகும் வீடுகளைச் சொல்கிறேன். பாத்ரூம் வீட்டுக்கு வெளியே இருக்கும். நடுவில் இரண்டு படி, அதில் பாசி. பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், கைப்பிடி ஒன்று இருக்காது. ராத்திரி லைட் போட்டால் பேரன் எழுந்துவிடுவான் என்று பாட்டி இருட்டில் தடவிக்கொண்டு போவார். நைட்டி கால்விரலுக்குக் கீழே தொங்கும். பிபி மாத்திரையும் தூக்க மாத்திரையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, ஒன்றுக்கு வருகிறது என்று சட்டென்று எழுந்தால் தலை சுற்றத்தான் செய்யும்.

உடற்பயிற்சியால் விழுவது குறையுமா என்று பல நாட்டுச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த பெரிய அலசல் 2019ல் வந்தது. 23 சதவீதம் குறைகிறது. அது நடைப்பயிற்சி இல்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலைத் தூக்குவது மாதிரி, சமநிலைக்கும் தொடைச் சதைக்குமான பயிற்சி.

ஆனால் அறுவை முடிந்து வந்தவரை எழுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. "ஆபரேஷன் பண்ண கால், அசைக்காதீங்க"ன்னு பிள்ளைகளே தடுக்கிறார்கள். படுக்கப் போட்டால் முதுகில் புண், நெஞ்சில் சளி. அதில்தான் ஆள் போகிறார்கள். இடுப்பு முறிந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருஷத்துக்குள் இறந்துவிடுகிறார் என்று பல நாடுகளில் கணக்கு வருகிறது.

காவிரிக்கரை:

அம்மா, நான் சொல்ல வந்ததை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொன்னீர்கள். இதோடு சாப்பாட்டையும் சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் பாதியில் பால், தயிர், சீஸ் கூட்டிக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டில் இடுப்பு முறிவு 46 சதவீதம் குறைந்தது. 2021ல் வந்தது. ஒரு மருந்தும் இல்லை. நம்மிடம் கேழ்வரகு இருக்கிறது, 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். ரேஷனில் அதைக் கொடுங்கள் என்றால் நான் முதல் கையெழுத்துப் போடுவேன்.

சரி, மருந்து பற்றி என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். இடுப்போ முதுகெலும்போ ஏற்கெனவே முறிந்தவர்களுக்கு மருந்து என்றால் எதிர்க்க மாட்டேன். அந்தப் பொடிக் கதையைக் கேட்ட பிறகு எனக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் முறியாதவர்களைத் தேடிப்பிடித்து ஸ்கேன் எடுத்து நோயாளி ஆக்குவதை எதிர்ப்பேன்.

எலும்பறுவை:

அதிலும் ஒரு சோதனை உண்டு ஐயா. பிரிட்டனில் 70 முதல் 85 வயதுவரை உள்ள 12,483 பெண்களில் பாதிப் பேரிடம் முதலில் கேள்வித்தாள், அதில் ஆபத்து தெரிந்தால் மட்டும் ஸ்கேன், தேவைப்பட்டவருக்கு மருந்து என்று பார்த்தார்கள். ஐந்து ஆண்டில் இடுப்பு முறிவு 28 சதவீதம் குறைந்தது. 2018ல் வெளியானது.

காவிரிக்கரை:

மொத்த முறிவுகள் குறையவில்லை, அதையும் எழுதுங்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் குடும்ப மருத்துவர் இருக்கிறார், பதிவேடு இருக்கிறது. இங்கே அந்தக் கேள்வித்தாளை யார் கையில் கொடுப்பீர்கள்? ஹரியானாவின் ரோதக் மாவட்டத்தில் எண்ணிப் பார்த்தார்கள், 50 வயதுக்கு மேற்பட்டோரில் லட்சத்துக்கு 129 பேருக்கு ஆண்டுதோறும் இடுப்பு முறிகிறது. முதலில் நம் மாவட்டங்களில் அப்படி எண்ணுவோம். முதல்வர் காப்பீட்டில் நடக்கும் ஒவ்வொரு அறுவைக்கும் தாள் இருக்கிறது. அதிலிருந்து பெயரெடுத்து, ஆள் வீடு திரும்பிய மாதமே கிராம சுகாதார செவிலியர் போய்ப் பார்க்கட்டும். மருந்து தொடங்கியதா, பாத்ரூமில் கைப்பிடி இருக்கிறதா என்று இரண்டையும் எழுதட்டும். இதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம்.

எலும்பறுவை:

ஸ்கேன் விஷயத்தில் நான் ஒத்துப்போகவில்லை. இதில் முழுமையாக ஒத்துப்போகிறேன்.

தேனிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வேறொரு மருத்துவரிடம் அம்மாவைக் காட்டினேன். பொடியைப் பற்றியும் சொன்னேன். சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி பார்த்தார்கள். வைட்டமின் டி 11தான் இருக்கிறது, ரொம்பக் குறைவு. அதைச் சரிசெய்யாமல் டிரிப் ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சடாரென்று இறங்கிவிடுமாம். அதனால் முதலில் வாரம் ஒரு 60,000 யூனிட், அதன் பிறகு டிரிப். ஏற்றிய பிறகு இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பயப்பட வேண்டாம் என்றார். தாடைப் பிரச்சினை வராமலிருக்க, ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லை டிரிப்புக்கு முன் எடுத்துவிடச் சொன்னார். நிலைப்படியை இடித்துச் சாய்தளமாக்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.

பிசியோ அக்கா:

தம்பி, கண் பார்த்தீர்களா?

தேனிக்காரன்:

இல்லை அக்கா. இரண்டு வருஷமாகப் பார்வை மங்கல் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன்.