சொல்லாக்கம்: ‘தற்செயல் தலைமை’ வேண்டாம், ‘இடநிரப்புத் தலைமை’ எனலாம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர்களில் பெண்கள் தேர்தலில் வெல்லாமல், இருந்தவர் இறந்ததாலோ விலகியதாலோ ஆட்சித் தலைமைக்கு வரும் விதத்தைக் குறிக்கச் சொல் தேடும் இந்த இழையில், ‘தற்செயல் தலைமை’க்கு ஆதரவு கூடிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொற்பட்டியலில் ஏற்றும் முன் என் மறுப்பையும் கேட்டுவிடுங்கள்.

தொடர்களில் எதுவும் தற்செயலாக நடப்பதில்லை. அதிபர் சாவதும் விலகுவதும் திரைக்கதை எழுதுபவர் எடுக்கும் முடிவு. 2005இல் வந்த ‘கமாண்டர் இன் சீஃப்’ என்ற அமெரிக்கத் தொடரில் துணை அதிபர் மெக்கன்சி ஆலன், அதிபர் இறந்ததால் அந்த நாற்காலிக்கு வருகிறார். அதையும் எளிதில் விட்டுக்கொடுக்கிறார்களா? இறக்கும் முன், நோயுற்ற அதிபரின் தரப்பே ஆலனைத் துணை அதிபர் பதவியிலிருந்து விலகச் சொல்கிறது. அவர் விலகினால் சபாநாயகர் அதிபராகலாம் என்பது கணக்கு. ஆலனும் விலகத் தயாராகத்தான் இருக்கிறார். சபாநாயகரிடம் பேசிய பிறகே மனம் மாறிப் பதவி ஏற்கிறார். விண்வெளிக் கதையான ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொடரின் கல்வி அமைச்சர் லாரா ராஸ்லின், அதிபர் இல்லாமல் போனால் அடுத்து யார் என்ற பதவி வரிசையில் 43ஆம் இடத்தில் இருப்பவர். அவரை அமர்த்துவதற்காக முன்னால் இருந்த 42 பேரையும் கதை அப்புறப்படுத்துகிறது. தனக்குப் புற்றுநோய் என்று அறிந்த கையோடு, விண்கலம் ஒன்றுக்குள் நின்று அவர் உறுதிமொழி எடுக்கிறார். பின்னர் தேர்தல் வரும்போது தோற்கிறார். ‘வீப்’ தொடரின் செலினா மேயர், ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் கிளேர் அண்டர்வுட் இருவருக்கும், இருந்தவர் விலகியதால்தான் அதிபர் பதவி முதலில் கிடைத்தது.

இத்தனை பேரும் ஒரே வாசல் வழியாக வருவதைத் தற்செயல் என்றால், எழுதியவரின் கை மறைந்துபோகிறது. வாக்காளர்கள் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் காட்சியை எழுதத் தயங்கிய கை அது. நம் சொல் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஆகவே ‘இடநிரப்புத் தலைமை’யை முன்மொழிகிறேன். இடம் காலியானதும், அதை ஒருவர் நிரப்பியதும் சொல்லிலேயே தெரிகின்றன. ‘இடநிரப்பாக வந்தவர்’, ‘இடநிரப்புத் திருப்பம்’ என்று வளைத்தும் எழுதலாம். ‘வெற்றிடத் தலைமை’ என்றால் தலைமையே இல்லாத நிலை என்று படிப்பார்கள். ‘வாரிசுத் தலைமை’ குடும்ப அரசியலுக்கு ஏற்கெனவே போய்விட்டது.

இடநிரப்பு என்றால் தற்காலிகம் என்ற தொனி வருமே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். வரட்டும். ஆலனைச் சுற்றியிருப்பவர்கள் அவரைப் பார்ப்பதும் அப்படித்தான். தன் பதவி செல்லும் என்று மெய்ப்பிப்பதிலேயே அவருடைய காலம் கழிகிறது. வாக்கு வாங்கி வந்தவருக்கு அந்தச் சுமை இந்த அளவுக்கு இராது.

எதிர்ச்சொல்லாக ‘வாக்குவழித் தலைமை’யையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். 2010இல் டென்மார்க்கில் ஒளிபரப்பான ‘போர்கன்’ அதற்குச் சரியான சான்று. பிர்கிட்டே நூபோர்க், தேர்தலுக்கு முந்தைய கடைசித் தொலைக்காட்சி விவாதத்தில் எழுதிவைத்த உரையை ஒதுக்கிவிட்டு மனத்தில் இருப்பதைப் பேசுகிறார். முடிவு வந்தபின் கூட்டணிக் கட்சிகளோடு பேரம் பேசிப் பிரதமராகிறார். பதவியில் இருந்தவர் சாகவில்லை. மறு ஆண்டே, கதையில் அல்ல, நிஜத்தில் ஹெல்லே தோர்னிங்-ஷ்மிட் அந்நாட்டின் முதல் பெண் பிரதமரானார். நூபோர்க்கின் மணவாழ்க்கை முறிவதைத் தொடர் ஒரு விலைபோல வைப்பது வேறு சிக்கல். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

சொல்லின் முன் ‘பெண்’ சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. 2016இல் வந்த ‘டெசிக்னேட்டட் சர்வைவர்’ தொடரில் டாம் கிர்க்மன் என்ற ஆண் அமைச்சரும் இப்படித்தான் அதிபராகிறார். இந்த உத்தி பெண்களுக்கே மிகுதியாகப் பயன்படுகிறதா என்பதை ஆய்வாளர் எண்ணிப் பார்த்து நிறுவட்டும். சொல்லுக்குள் திணித்தால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியதாகிவிடும். ‘தலைவி’யும் வேண்டாம். அகப்பாடல்களில் அவருக்கு வேறு வேலை இருக்கிறது. ‘தலைவர்’ இரு பாலுக்கும் பொது.

மறுப்பவர்கள், தங்கள் சொல்லை வைத்து ராஸ்லினைப் பற்றியும் நூபோர்க்கைப் பற்றியும் ஆளுக்கொரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள். இரண்டு இடத்திலும் ஒன்றையே பயன்படுத்த முடிந்தால் அந்தச் சொல் நமக்கு உதவாது.