60 பேருக்கு அடுக்கு புட்டிங்: ஜெல்லி இறுகல, கஸ்டர்டு தண்ணியாப் போச்சு, வழி சொல்லுங்க

பாளை மருமகள்:

டிசம்பர் 23 ராத்திரி எங்க தெருவுக்கு கேரல் ரவுண்ட்ஸ் வருது. வரிசையில எங்க வீடுதான் கடைசி, அதனால சாப்பாடும் எங்க வீட்லதான். பாடுறவங்க, டிரம் அடிக்கிற பையன்கள், கிறிஸ்மஸ் தாத்தா வேஷக்காரர், எங்க சர்ச் ஐயர் (பாதிரியார்), ஐயரம்மா, மிட்டாய்க்காகப் பின்னாடியே ஓடி வர்ற தெருப் பிள்ளைங்க எல்லாம் சேர்த்து 60 பேர். இட்லி, சாம்பார், வடைக்குக் கவலை இல்ல. ஆள் வச்சாச்சு. கடைசியா குடுக்கிற அடுக்கு புட்டிங்தான் என் தலைவலி.

எங்க அத்தை இருந்தவரைக்கும் அவங்கதான் செய்வாங்க. பெரிய கண்ணாடிக் கிண்ணத்துல அடியில கேக், மேல சிவப்பு ஜெல்லி, அதுக்கு மேல மஞ்சள் கஸ்டர்டு, பழம், உச்சியில செர்ரி. கரண்டியை உள்ள விட்டா ஒவ்வொரு நிறமும் தனித்தனியா வரும். அளவு கேட்டா “கண்ணுக்குத் தெரியும்மா”ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. எனக்குத் தெரியலையே!

போன வருஷம் முதல் தடவையா நான் செஞ்சேன். ஜெலட்டின் பொடி வாங்கி, ஊறவச்சு, பொடியா நறுக்குன அன்னாசிப்பழத்தைப் போட்டு ராத்திரி பூரா ஃபிரிட்ஜ்ல வச்சேன். காலைல பார்த்தா சர்பத். சரின்னு இன்னொரு பாக்கெட் கரைச்சு ஊத்தினேன், அதுவும் சர்பத். கஸ்டர்டு அடுப்புல இருந்தப்ப நல்லா கெட்டியாத்தான் இருந்துச்சு, சாயங்காலம் மோர் மாதிரி ஆயிருச்சு. எல்லாம் கேக்குக்குள்ள இறங்கி, ஒரே செம்மஞ்சள் கூழ். ஐயர் “ருசி நல்லாருக்கும்மா”ன்னு சொன்னாரு. அந்த ‘ருசி’யில ஒரு அழுத்தம் இருந்துச்சு பாருங்க, இன்னும் காதுல கேக்குது.

இதுல இன்னொன்னு. எதிர்வீட்டு மாமி ஆசையா ஒரு கிண்ணம் வாங்கிட்டு, “இதுல ஜெலட்டின் இல்லையே?”ன்னு கேட்டாங்க. இருக்குன்னு சொன்னதும் அப்படியே திண்ணையில வச்சிட்டாங்க. மாட்டு எலும்பு, தோல்ல இருந்தெல்லாம் எடுக்கிறதுன்னு எனக்கு அப்பதான் தெரியும். இந்த வருஷம் அவங்களும் சாப்பிடணும். முட்டையும் கூடாது.

வீட்ல இருக்கிறது ஒத்தைக் கதவு ஃபிரிட்ஜ். அதுலயும் பாதி எடத்தை மாவுதான் பிடிச்சிருக்கு. தயவுசெஞ்சு அளவோட சொல்லுங்க.

நாரோயில் சமையல்காரன்:

மக்களே, முதல்ல அந்தப் பெரிய கிண்ணத்தை மற. வீட்ல பத்துப் பேருக்குன்னா அது அழகு. 60 பேருக்கு அதுல போட்டா மூணாவது ஆள் கரண்டி போடும்போதே அடுக்கு அடுக்கா இருக்காது. கடைசி ஆளுக்குக் கிடைக்குறதுதான் நீ சொன்ன கூழ். ஆளுக்கு ஒரு கிளாஸ் வை. பரிமாற ஆளும் வேண்டாம், தட்டுல அடுக்கி நீட்டுனாப் போதும்.

பிளாஸ்டிக் கப் தேடி அலையாத. 2019 ஜனவரியில இருந்தே தமிழ்நாட்டுல அதுக்குத் தடை. இருந்தாலும் சூடா ஊத்தினா நெளிஞ்சுதான் போகும். பந்தல் சாமான் வாடகைக்கு விடுற கடையில 200 மில்லி ஜூஸ் கிளாஸ் கேளு. 65 எடு, அஞ்சு உடையும். எவர்சில்வர் டம்ளர்ல அடுக்குப் போட்டு என்ன பிரயோஜனம், யாருக்குத் தெரியும்?

கணக்கு இதுதான். ஒரு கிளாசுக்கு ஜெல்லி 40 மில்லி, கஸ்டர்டு 50 மில்லி, கேக் 25 கிராம், பழம் 25 கிராம். 60 கிளாசுக்கு ஜெல்லி இரண்டரை லிட்டர், கஸ்டர்டுக்குப் பால் 3 லிட்டர், கேக் ஒன்றரை கிலோ, பழம் தோல் நீக்கி ஒன்றரை கிலோ. கேக்கை பேக்கரியில முட்டை போடாத வெறும் ஸ்பாஞ்சா, மேல கிரீம் இல்லாம, முந்தின நாளே சொல்லி வாங்கு. ஒருநாள் பழசா இருந்தா இன்னும் நல்லது, ஈரத்தை இழுத்துக்கிட்டு நிக்கும். புதுசு கரைஞ்சிரும்.

மேல கிரீம் வேண்டாம்னு நான் சொல்லுவேன். கடையில கிடைக்கிற 25 சதவீதக் கொழுப்புக் கிரீமை விடிய விடிய அடிச்சாலும் நுரைச்சு நிக்காது. அதுக்குக் குறைஞ்சது 30க்கு மேல வேணும். நெய்யில வறுத்த முந்திரி, டூட்டி ஃப்ரூட்டி, ஒரு செர்ரி. போதும்.

கீழக்கரை லாத்தா:

தங்கச்சி, ஜெலட்டினைத் தூக்கிப் போடுங்க. கடப்பாசி இருக்கும்போது அது எதுக்கு? கடையில சைனா கிராஸ், அகர் அகர்னு கேட்டாலும் இதைத்தான் குடுப்பாங்க. இது கடல்ல வளர்ற பாசி, மாமி தாராளமா சாப்பிடலாம். எங்க ராமநாதபுரம் கரையில பொம்பளைங்க கண்ணாடி மாட்டிக்கிட்டு, விரல்ல துணி சுத்திக்கிட்டு, முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியில இருந்துதான் இது வருது. நோன்பு மாசத்துல எங்க வீட்ல கடப்பாசி இல்லாத நாள் குறைவு. ரோஸ் சர்பத்துல ஒரு அடுக்கு, பால்ல ஒரு அடுக்கு, நன்னாரியில ஒரு அடுக்குன்னு உம்மா தட்டுல ஊத்தி, டைமண்டு டைமண்டா வெட்டித் தருவாங்க.

அளவு: ஒரு லிட்டர் தண்ணிக்கு 10 கிராம் பாசி. உங்களுக்கு இரண்டரை லிட்டருக்கு 25 கிராம். கத்தரிக்கோலால வெட்டி அரைமணி நேரம் ஊறப் போடுங்க. அப்புறம் கொதிக்க விட்டு, ஒரு நூல்கூட மிதக்காம கரையணும். கரண்டியில எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, கண்ணாடியா இருக்கணும். அதுக்கு அப்புறம்தான் சீனி. முதல்லயே சீனியைக் கொட்டினா பாசி சரியாக் கரையாம அடம் பிடிக்கும். எலுமிச்சம்பழம் பிழியுறதா இருந்தா அடுப்பை அணைச்சிட்டுப் பிழியுங்க. புளிப்போட கொதிச்சா பாசி இறுகுற சக்தி குறைஞ்சிரும்.

இதுக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம். 40 டிகிரிக்குக் கீழ இறங்க ஆரம்பிச்சதும் சமையக்கட்டு மேடையிலயே இறுகிரும். இறுகினது மறுபடி உருகணும்னா 85 டிகிரி வேணும், எந்தப் பந்தல் லைட்டும் அதைச் செய்யாது. ஜெலட்டின் அப்படியில்ல. வாயில போட்டாக் கரையுது பாருங்க, புழுக்கமான ரூம்ல கிளாசுக்குள்ளயும் அப்படியே கரையும்.

அடுக்குக்கு ஒரு சூட்சுமம் இருக்கு. கீழ் அடுக்கு இறுகணும், ஆனா ஆறிப் போகக் கூடாது. விரல் வச்சா விரல்ல ஒட்டணும், குழி விழக் கூடாது. அந்த நேரத்துல அடுத்ததைக் கரண்டி முதுகு மேல விட்டு மெதுவா ஊத்துங்க. ரெண்டும் பாசியா இருந்தா இது ரொம்ப முக்கியம், ஆறின அடுக்கு மேல ஊத்தினா சாப்பிடும்போது வழுக்கிக்கிட்டு ரெண்டாப் பிரிஞ்சிரும். உங்களுக்கு மேல கஸ்டர்டுதானே, அது பிடிச்சுக்கும். ஆனா கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க.

பிள்ளைங்க வாயைப் பிளக்கணுமா? தாம்பாளத்துல பச்சரிசியைக் கொட்டி, கிளாசை அதுல சாய்ச்சு நிக்க வச்சு ஊத்துங்க. இறுகினதும் நிமித்தினா சிவப்பு அடுக்கு சரிவா நிக்கும்.

ஓய்வு டீச்சர்:

அன்னாசிப்பழத்தை யாரும் கவனிக்கலையா? குற்றவாளி அதுதான். பச்சை (அதாவது வேகவைக்காத) அன்னாசியில் புரோமிலைன் என்று ஒரு நொதி இருக்கிறது. ஜெலட்டின் ஒரு புரதம், அதை இது வெட்டிப் போட்டுவிடும். இரண்டாவது பாக்கெட் இல்லை, பத்துப் பாக்கெட் போட்டாலும் சர்பத்தான். பச்சைப் பப்பாளியும் இதே வேலையைச் செய்யும். பாசி புரதம் இல்லை என்பதால் அதனிடம் அன்னாசி தோற்கும். ஆனாலும் பாலில் செய்த கஸ்டர்டோடு பச்சை அன்னாசியை வைத்தால் பால் புரதத்தையும் வெட்டிக் கசப்பாக்கிவிடும். எனவே நறுக்கிச் சீனி போட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்கவிடுங்கள், நொதி செத்துப்போகும். அந்தப் பாகைக் கேக் மேல் தெளித்தால் தனி ருசி.

கஸ்டர்டு மோரானதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கெட்டியானதுமே இறக்கியிருப்பீர்கள். கொப்புளம் வந்தபிறகும் ஒரு நிமிஷமாவது கிண்ட வேண்டும். இரண்டாவது கொஞ்சம் சங்கடமான கேள்வி. ருசி பார்த்த கரண்டியை மறுபடி உள்ளே விட்டீர்களா? கஸ்டர்டு பவுடர் பெரும்பாலும் சோளமாவு. எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைக் கரைத்துவிடும். ஆறின கஸ்டர்டில் ஒரு எச்சில் கரண்டி போதும், மெல்ல மெல்ல நீர்த்துவிடும்.

முட்டை பற்றிக் கவலையே வேண்டாம். 1837இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்டு என்ற மருந்துக்கடைக்காரர், தன் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் கண்டுபிடித்ததுதான் இந்தப் பவுடர். மாமிக்காகவே செய்தது போல.

3 லிட்டர் பாலுக்குப் பவுடர் 18 மேசைக்கரண்டி, சீனி 400 கிராம். பவுடரை ஆறின பாலில் கரைத்துக் கொதிக்கும் பாலில் விடுங்கள். இல்லாவிட்டால் கட்டி.

திருநெல்வேலி அண்ணாச்சி:

60 பேருக்குக் கேசரி கிண்டினா அரைமணி நேர வேலை. சொல்லிட்டேன்.

பாளை மருமகள்:

அண்ணாச்சி, கேசரி பொங்கலுக்கு. வாங்க, தர்றேன்.

டீச்சர், கரண்டி இல்ல. விரல்! நான் இட்லி மாவைப் பார்க்கப் போன நேரத்துல எங்க வீட்டுக்காரர் அடுப்படி பக்கம் ஒரு நாலு தடவை போனாரு. “சூடு ஆறிருச்சான்னு பார்த்தேன்”ன்னு சொன்னாரு. இப்ப உங்க பதிலைப் படிச்சுக் காட்டினேன். பேப்பரை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாரு.

ஒரு சந்தேகம். 23ஆம் தேதி எதை எப்ப செய்யணும்? அவங்க வர ராத்திரி பதினொண்ணு ஆகும்.

நாரோயில் சமையல்காரன்:

22 ராத்திரி அன்னாசியைப் பாகுல கொதிக்கவச்சு ஃபிரிட்ஜ்ல வை. மாவை அக்கம்பக்கத்து வீட்டுக்கு அனுப்பு. 23 மத்தியானம் சிவப்புப் பாசியை ஊத்தி, ஈ மொய்க்காம துணி போட்டு மூடு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கஸ்டர்டு காய்ச்சு. ஏடு படியாம இருக்க இறக்கின பிறகும் கிண்டிக்கிட்டே ஆற விடு, வெதுவெதுப்பு வந்ததும் கிளாஸ்ல ஊத்து. பால் சேர்ந்த பிறகு வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது, கேரல் பாட வந்த பிள்ளைங்க மறுநாள் படுத்துக்கிட்டா யார் பதில் சொல்றது. 60 கிளாஸ் உன் ஃபிரிட்ஜ்ல நிக்காது. ரெண்டு பெரிய தெர்மாகோல் பெட்டி, அடியில ஐஸ், மேல பலகை, அதுக்கு மேல கிளாஸ். மீன்காரர்ட்ட பெட்டி வாங்கிராத, எத்தனை கழுவினாலும் கஸ்டர்டு சாளை வாசம் அடிக்கும். மருந்துக்கடையில காலிப் பெட்டி கேட்டாத் தருவாங்க.

கேக், அன்னாசி, மாதுளை, கறுப்பு திராட்சை எல்லாம் ஒன்பது மணிக்கு மேல போடு. வாழைப்பழமும் ஆப்பிளும் வேண்டாம், கறுத்துப் போகும்.

ஆமா, இதுல கேக் மேல வந்திருது. அத்தை கிண்ணத்துல அடியில இருக்கும். பரவாயில்ல, ஊறிக் கூழாகாது.

பாளை மருமகள்:

நேத்து எட்டு கிளாஸ் செஞ்சு பார்த்தேன். பாசி கால் மணி நேரத்துல மேடையிலயே இறுகிருச்சு, நம்பவே முடியல. சரிவா நிக்க வச்சது ஆறு நல்லா வந்துச்சு. ரெண்டுல மட்டும் சிவப்பு மேல ஏறி, கஸ்டர்டு ஓரத்துல ரோஸ் கலர் கோடு. அவசரப்பட்டு கஸ்டர்டைச் சூடா ஊத்திட்டேனா லாத்தா?

மாமிக்கு ஒண்ணு குடுத்தேன். கிளாசைத் தூக்கி லைட்டுக்கு நேரா பிடிச்சு சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, “இதை எப்படிடி சாய்ச்சே?”ன்னு கேட்டாங்க. திண்ணையில வைக்கல.

கீழக்கரை லாத்தா:

சூடு இல்ல தங்கச்சி, அந்த ரெண்டும் இறுகுறதுக்கு முன்னாடி ஊத்திருப்பீங்க. விரல் வச்சுப் பார்த்துட்டு ஊத்துங்க. உங்க விரல், அவரோடது இல்ல.