மறு: அஃபோரிசம் – குறுமொழியா, முதுமொழியா?

வணக்கம் ஐயா,

அஃபோரிசம் (aphorism), அதாவது ஒரு கருத்தைச் செறிவாகச் சொல்லும் கூற்று, அதற்குத் தமிழில் 'குறுமொழி' என்ற உங்கள் பரிந்துரையை இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். நாவில் நன்றாக உட்காருகிறது. ஆனால் அது நீளத்தை மட்டுமே சொல்கிறது. விடுகதையும் குறுகியதுதான், விளம்பர வாசகமும் குறுகியதுதான்.

பழமொழி ஒத்துவராது என்பதில் நமக்குள் வழக்கில்லை. நல்லது செய்தவருக்குத் தீது வராது என்பதை மாமூலனார் 'தொன்றுபடு பழமொழி' என்கிறார் (அகநானூறு 101). அது ஊர் வாயில் வழங்குவது. சொன்னவர் பெயரை யாரும் தேடுவதில்லை. அஃபோரிசத்துக்குப் பெரும்பாலும் சொன்னவர் உண்டு. பொன்மொழியில் வேறு சிக்கல்: சொல்லுக்குள்ளேயே பாராட்டு இருப்பதால், 'இது மட்டமான பொன்மொழி' என்று ஒரு விமர்சகர் எழுத முடியாது.

அஃபோரிசம் என்ற சொல்லின் கிரேக்க மூலத்தில் இருப்பது 'ஹோரோஸ்', அதாவது எல்லை. நம் 'வரையறை' போல, எல்லை கட்டிச் சொன்ன கூற்று. பண்டைக் கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசு பெயரில் வழங்கும் மருத்துவ நூலுக்கே 'அஃபோரிசங்கள்' என்றுதான் பெயர். சுருக்கத்தைவிடத் தெளிவாக வரையறுப்பதே அங்கே முதன்மை.

இதே பார்வை தொல்காப்பியச் செய்யுளியலில் இருக்கிறது. 'நுண்மையும் சுருக்கமும் ஒளியுடைமையும்' என்று எடுத்து, 'குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி' என்று தொல்காப்பியர் முடிக்கிறார். சுருக்கம் பல இயல்புகளில் ஒன்று. எடுத்த பொருளைக் காரணத்தோடு நிறுவ வேண்டும் என்பதே நிபந்தனை. இவ்வளவு நுட்பமான இலக்கணம் கையில் இருக்கும்போது புதுச்சொல் ஆக்குவதை என் மனம் ஏற்கவில்லை.

'நேற்று எழுதியதை எப்படி முதுமொழி என்பது?' என்று கேட்டிருந்தீர்கள். 'முது' வயதை மட்டும் குறிப்பதில்லையே. சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் கோவலன் 'சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்' என்று உருகுகிறானே, 'சிறுமுதுக் குறைவி' என்ற அந்த ஒரு தொடரில் இளமையும் முதுமையும் ஒட்டி நிற்கின்றன. கண்ணகி இளம்பெண், அவள் அறிவு முதிர்ந்தது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் படிப்பதை 'முதுகலை' என்று நாம் கூசாமல் சொல்கிறோம். முதிர்ந்த மனம் நேற்றுச் சொன்னதும் முதுமொழிதான்.

ஆகவே அஃபோரிசத்துக்கு 'முதுமொழி' என் முன்மொழிவு. 'குறுமொழி'யை ஒருவரிக் கூற்றுகளுக்கு ஒதுக்கலாம். மேக்சிம் (maxim), அதாவது நடக்கும் நெறியைச் சொல்லும் கூற்று, அதற்குத் தனிச்சொல் வேண்டுமா, 'நெறிமொழி' போதுமா? அதையும் இந்த இழையிலேயே பேசிவிடலாம், ஐயா.