மண்கல்லில மூண்டு சின்ன வீடு, நடுவில பொதுக் கிணறு, சரிவருமோ?

மாங்குளத்தான்: நானும் ரெண்டு தம்பிமாரும் ஒரே காணிக்குள்ள ஆளுக்கு 400 சதுர அடியில வீடு கட்டப்போறம், கிணறும் ஒரு பெரிய விறாந்தையும் பொதுவா வைக்கிற யோசினை. சீமெந்துக்கல் வீடு பங்குனி சித்திரையில ஆளை அவிக்குது, மண்கல் மாரிக்கு நிண்டுபிடிக்குமோ?

ஒட்டுசுட்டான் மேசன்: நிக்கும் தம்பி, ஆனா அத்திவாரத்தைக் கருங்கல்லால ரெண்டடி உயர்த்துங்கோ. மண்ணோட 5 தொடக்கம் 8 வீதம் சீமெந்து கலந்து மெஷினில அமத்தின கல்லுத்தான் நல்லம், சூளை வைக்கத் தேவையில்லை, விறகு மிச்சம். அமத்தின கையோட கட்டாதேங்கோ, 3-4 கிழமை ஈரச்சாக்குப் போட்டு வைக்கோணும். எங்கட பக்கம் அவசரப்பட்டுக் கட்டின ஒரு வீட்டில மூலைக்கல்லை விரலால சுரண்டினா மா மாதிரிக் கொட்டுது, பாக்க வயிறெரியும்.

பனங்கூடல்: அண்ணை, தாழ்வாரத்தை மூண்டடி வெளிய இழுங்கோ, சாரல் சுவரில படாது. கூரைக்கு வைரம் பாஞ்ச பனை காணும், வெட்ட முதல் அனுமதி எடுங்கோ. மலசலகூடக் குழி கிணத்துக்கு 50 அடிக்குக் கிட்ட வரவே கூடாது, மூண்டு குடும்பமும் குடிக்கிற தண்ணி.

மாங்குளத்தான்: பெரிய உதவி. விறாந்தையில அம்மிக்கும் இடம் விடச்சொல்லி அம்மா நிக்கிறா, அதையும் கீறிப்போட்டு படம் போடுறன்.