புதுப்பிப்பு: பாப்பாவின் இடுப்பு ஸ்கேன், இரண்டாவது முறை

பாப்பா பிரீச் குழந்தை (வயிற்றில் தலை கீழே வராமல் புட்டம் கீழே இருந்தவள்) என்பதால் இடுப்பு மூட்டை ஸ்கேன் பார்க்கச் சொன்னார்கள், மெஷினில் உள்ள ஏஐ மென்பொருளே இடுப்பு மூட்டுக் குழியின் கோணத்தை அளக்கிறதாம், நம்பலாமா என்று ஆறு வாரம் முன்பு கேட்டிருந்தேன். அப்போது வலது 63 டிகிரி, இடது 54. ஆஸ்திரிய மருத்துவர் கிராஃப் கொண்டுவந்த கணக்குப்படி 60-ம் அதற்கு மேலும் இருந்தால் நல்ல மூட்டு. மூன்று மாத வயதுக்குள் 50-களில் இருந்தால் பெரும்பாலும் தானாகவே முதிர்ந்துவிடும், ஆனால் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

நேற்று போனோம். பாப்பா உதைத்த உதையில் முதல் இரண்டு படங்களையும் மென்பொருள் ஏற்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "இடுப்பெலும்பு திரையில் நேர்கோடா விழணும்மா. ப்ரோப், அதான் உடம்புல வச்சுப் பார்க்கிற கருவி, கொஞ்சம் சாய்ஞ்சாலும் கோணம் மாறிடும்" என்றார் டாக்டர். கோடு போட்டுக் கோணம் அளப்பதைவிட, படம் சரியா என்று சொல்வதுதான் அந்த மென்பொருளின் பெரிய உதவியாம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கையடக்க ஸ்கேனரோடு இது மாதிரி ஏஐ-யைச் சேர்த்து ஆய்வு செய்கிறார்கள். அனுபவம் குறைந்தவர்களும் எடுக்க முடிய வேண்டும் என்பதே நோக்கம்.

மூன்றாவது படம் சரியாக வந்தது. இடது பக்கம் ஏஐ 61 காட்டியது. டாக்டர் தானும் கோடு போட்டுப் பார்த்தார், 62. அப்பாடா! காலை விரித்துப் பிடிக்கிற பெல்ட் எதுவும் வேண்டாம்.

அப்புறம், காலை நீட்டி இறுக்கித் துணி சுற்றக் கூடாது என்றார். அம்மா முகம் சுருங்கியது. இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளலாம், கால் விரிந்திருப்பது நல்லதுதான் என்றதும் சமாதானமாகிவிட்டார். ஆறாம் மாதம் ஒரு எக்ஸ்ரே இருக்கிறது.