டெர்மினலை (கட்டளை அடிக்கிற ஜன்னல்) பின்னால படம் தெரியற கண்ணாடி மாதிரி ஆக்குனவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கித்தாக்காட்டுப் பையன்:
சுங்கை சிப்புட்ல இருந்து எழுதறேன். புரோகிராம் எழுதற விஎஸ் கோட், அதுல கண்ணாடி தீம், பின்னால செம்பனைக் காட்டுப் படம். மிச்சம் உங்களுக்கே தெரியும். ஒரு ராத்திரி மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. இன்ஸ்டால் ஓட விட்டேன், கர்சர் துடிக்குது, ஒண்ணும் நகரல. லைன் ஸ்லோ போலன்னு கோப்பி கலக்கிக் குடிச்சு முடிச்சு வந்தும் அப்படியே நிக்குது. சும்மா மவுசால இழுத்து செலக்ட் பண்ணேன் பாருங்க, நீலப் பட்டைக்குள்ள "தொடரவா? ஒய் / என்"னு எழுத்து! மங்கின சாம்பல் கலர், சரியா ஓலை நிழல் மேல விழுந்திருக்கு. அவ்வளவு நேரமும் அது பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கு லா.

டியூஷன் டீச்சர்:
எனக்கு நடந்தது ஆளுங்க முன்னாடி. தோட்டத்து மண்டபத்துல பிள்ளைங்களுக்கு பைத்தான் புரோகிராமிங் வகுப்பு, புரொஜெக்டர்ல என் திரை. வால்பேப்பர் பத்துமலை முருகன், அந்த 42.7 மீட்டர் தங்கச் சிலை. பைத்தான் 3.13ல இருந்து ட்ரேஸ்பேக், அதான் எர்ரர் எங்கன்னு காட்டற வரிங்க, கலர்ல வருதில்லையா, சிவப்பும் ஊதாவுமா சிலை மேலயே விழுந்துச்சு. நான் எர்ரரைத் தேடிக்கிட்டு இருக்கேன், முன் வரிசையில ஒரு குட்டி எழுந்து, "டீச்சர், முருகன் வேல்ல எறும்பு ஊருது"ன்னுச்சு. மண்டபமே சிரிச்சு முடிக்க நேரம் ஆச்சு. அப்புறம் விஎஸ் கோட் செட்டிங்ஸ்ல மினிமம் கான்ட்ராஸ்ட் ரேஷியோவை 1ன்னு வச்சேன், இப்ப பரவாயில்ல.

பழைய கிராணி:
டீச்சரம்மா, 1 வச்சது வைத்தியமே இல்ல. 1ன்னா "எழுத்து நிறத்தைத் தொடாதே"ன்னு அர்த்தம், அவ்வளவுதான். விஎஸ் கோட்ல அது சாதாரணமா 4.5, உச்சம் 21. எழுத்துக்கும் பின்னணிக்கும் அந்த அளவு வித்தியாசம் இல்லேன்னா எழுத்தை வெளுக்கவோ கறுக்கவோ செய்யும். சங்கதி என்னன்னா, அது பார்க்கிற பின்னணி தீம் எழுதி வச்ச நிறம். பின்னால முருகன் நிக்கறாரா, செம்பனை நிக்குதான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதனால 4.5 வச்சாலும் 7 வச்சாலும் கணக்கு ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம். செட்டிங்ஸ்ல கலர் கஸ்டமைசேஷன்ஸ் போய் டெர்மினல் பேக்ரவுண்டை எட்டு இலக்கத்துல எழுதுங்க: #00000099. கடைசி ரெண்டு இலக்கம்தான் எவ்வளவு மறைக்கணும்கிறது. 00ன்னா வெறும் கண்ணாடி, 99ன்னா 60 சதவீதக் கறுப்பு. அப்புறம் ஆன்சி பிரைட் பிளாக்கை, அதான் டெர்மினலோட எட்டாம் நம்பர் கலரை, மட்டும் தனியா வெளுப்பாக்குங்க, தம்பி பார்த்த சாம்பல் பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும். வால்பேப்பர் கூட்டமில்லாத படமா இருக்கட்டும். ராத்திரி வேலைன்னா திரை வெளிச்சத்தையும் குறைங்க. மூக்குக் கண்ணாடி பவர் பார்த்து எவ்வளவு நாளாச்சு? என் கதையா? மருமகன் மடிக்கணினி, சிவப்பு எழுத்து படத்துல மறைஞ்சு போச்சு, உங்களுக்கு நடந்த அதேதான்.

லயத்து மூணாவது வீடு:
கிராணி அண்ணே, தீம் நிறம் தெரிஞ்சா எல்லாம் சரியாயிடும்கிற மாதிரி பேசறீங்க. சோலரைஸ்ட் டார்க்னு ஒரு தீம் இருக்கு, அதுல கண்ணாடியே வேணாம், பிரைட் பிளாக்கும் பின்னணியும் ஒரே நிறம்! பக்கத்து வீட்டுப் பையன் டெர்மினல்ல அதைப் போட்டு, கட்டளையை வாங்கி ஓட்டற இசட்-ஷெல்லுக்கு ஆட்டோ சஜெஷனும் வச்சிருந்தான், முன்ன அடிச்ச கட்டளையைப் பரிந்துரையா காட்டும், வலது அம்பு தட்டுனா அதையே எடுத்துக்கும். பரிந்துரை எழுத்து வர்றது அதே எட்டாம் நம்பர் கலர்ல. ராத்திரி பன்னெண்டு மணி, கோடைச் சேமிக்கிற "கிட்" கட்டளையை அடிச்சான், திரையில வேற ஒண்ணும் இல்ல. கை தவறி வலது அம்பு பட்டுச்சு, "புஷ் ஃபோர்ஸ்" வரைக்கும் முழு வரி தானா முளைச்சு நின்னுச்சு. பையன் நாற்காலியைத் தள்ளிட்டு எங்க வீட்டு வாசலுக்கு ஓடி வந்துட்டான், "அண்ணே, லேப்டாப்ல ஏதோ இருக்கு"ன்னு. அவங்க அம்மா மறுநாள் திருநீறு வாங்கி வந்து மேசையில பூசிட்டாங்க. நான் சஜெஷன் ஹைலைட் ஸ்டைல்ல எட்டை எடுத்துட்டு கண்ணுக்குத் தெரியற சாம்பல் 244 போட்டுக் கொடுத்தேன். திருநீறு இன்னும் இருக்கு, அழிக்க விட மாட்டேங்கறாங்க.