பிலிப்பைன்ஸ்: 300 வருடம் வராத தேசிய உணர்வு 1872க்குப் பிறகு எப்படி வந்தது?

அலைகடல்:
ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஸ்பெயின்காரர்கள் 1565இல் வந்து உட்கார்ந்தவர்கள், 1898 வரை நகரவில்லை. நடுவில் கலகங்களுக்குப் பஞ்சமே இல்லை. போஹோல் தீவில் தகோஹோயின் ஆட்கள் 1744இல் தொடங்கி 1829 வரை, 85 வருடம், மலையில் இருந்துகொண்டு தாக்குப்பிடித்திருக்கிறார்கள். இலோக்கோஸில் தியேகோ சிலாங், 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்த நேரம் பார்த்துக் கிளம்பினார். ஆனால் எதுவுமே நாடு முழுக்கப் பரவவில்லை. ஒரு வட்டாரத்துக் கலகத்தை அடக்க இன்னொரு வட்டாரத்து ஆட்களையே ஸ்பெயின் கூட்டிப்போயிருக்கிறது. அப்புறம் 1872இல் மூன்று பாதிரியார்களைக் கொல்கிறார்கள், 24 வருடத்தில் புரட்சியே வந்துவிடுகிறது. எதைப் படித்தாலும் 'கோம்பூர்சா'வில்தான் (கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற அந்த மூவர் பெயரையும் சேர்த்த சுருக்கம்) கதை தொடங்குகிறது. மக்களைப் பிழிந்ததே பாதிரியார்கள்தான் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, பாதிரியார்கள் செத்ததால் தேசியம் பிறந்தது என்று அடுத்த பக்கம் எழுதினால் எப்படி?

பழைய ஏடு:
நல்ல கேள்வி. பாதிரியார்களில் இரண்டு வகை, அங்கேதான் முடிச்சு. அகஸ்தீனியர், பிரான்சிஸ்கர், தொமினிக்கர், ரெகோலெக்தர் என்று சபைத் துறவிகள் ஒரு வகை. அனேகமாக எல்லாருமே ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், பிரான்சிஸ்கர் தவிர மற்ற சபைகளின் கையில் பெரிய பெரிய நிலப்பண்ணைகள். இன்னொரு வகை எந்தச் சபையிலும் சேராமல் ஆயருக்குக் கீழே வேலை செய்த மறைமாவட்டக் குருக்கள், இவர்களில் பெரும்பாலோர் உள்ளூரில் பிறந்தவர்கள். சண்டை எதற்கு என்றால் பங்குகளுக்கு, அதாவது ஊர்க் கோயில்களை யார் நடத்துவது என்பதற்கு. ஒரு ஊரில் ஸ்பானிய அதிகாரி என்று ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம், பங்குச்சாமியார் இருப்பார். வரிப் பட்டியல், பள்ளிக்கூடம், ஊர்த்தலைவர் தேர்தல் எல்லாவற்றிலும் அவர் கை இருக்கும். 1861இல் அரசாணை ஒன்று வந்தது. முன்பு வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த சேசு சபைக்குத் தெற்கே மிந்தனாவோ தீவின் பங்குகளைக் கொடுத்தார்கள், அவற்றை இழந்த ரெகோலெக்தருக்கு ஈடாக மணிலா பக்கத்தில் உள்ளூர்க் குருக்கள் வைத்திருந்த பங்குகளைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். 'உள்ளூர்க்காரனுக்குத் தகுதி போதாது' என்ற பேச்சும் கூடவே வந்தது. படித்து, பட்டம் வாங்கி, அதே பூசையை அதே லத்தீனில் செய்கிற ஒருவரைப் பார்த்து, நீ பிறந்த இடம் சரியில்லை என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? பெட்ரோ பெலாயெஸ் என்ற குரு இதை எதிர்த்து எழுதினார், 1863 நிலநடுக்கத்தில் மணிலா பேராலயம் இடிந்து அதிலேயே இறந்துபோனார். அவருடைய மாணவர்தான் ஹோசே புர்கோஸ்.

இதில் பெயர் விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 'பிலிப்பினோ' என்ற சொல் அதுவரை அந்தத் தீவுகளில் பிறந்த ஸ்பானியர்களைத்தான் குறித்தது. மண்ணின் மக்களுக்கு 'இந்தியோ' என்று பெயர் (நம்மைச் சொல்லவில்லை, அமெரிக்காவில் வைத்த பெயரை அப்படியே இங்கேயும் ஒட்டினார்கள்), சீனக் கலப்பில் பிறந்தவர்களுக்கு வேறு பெயர், வரிகூட வேறு. ஸ்பானியக் கலப்பு, சீனக் கலப்பு, இந்தியோ மூவரும் ஒரே பக்கம் நின்ற சண்டை இந்தப் பங்குச் சண்டை. கோம்பூர்சா மூவரே அப்படி ஒரு கலவைதான்.

1872 ஜனவரி 20 அன்று மணிலாவுக்குப் பக்கத்தில் காவித்தே ஆயுதசாலையில் கலகம் வெடித்தது. அங்கே வேலை செய்தவர்களுக்குத் தலைவரியிலிருந்தும் கட்டாய வேலையிலிருந்தும் இருந்த விலக்கைப் புது ஆளுநர் இஸ்கியெர்தோ நீக்கியதுதான் உடனடிக் காரணம், இரண்டு நாளில் அடங்கியும் போயிற்று. ஆனால் இதைச் சாக்காக வைத்து 72 வயது மரியானோ கோமெஸ், 35 வயது புர்கோஸ், ஹசிந்தோ சமோரா மூவரையும் சதிகாரர்கள் என்று பிப்ரவரி 17 அன்று மணிலாவின் பாகும்பாயன் திடலில் ஊரே பார்க்க, இரும்புப் பட்டையால் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அவர்களுடைய குருப்பட்டத்தைப் பறிக்கச் சொன்னபோது பேராயர் மறுத்துவிட்டார், அவரும் ஸ்பானியர்தான். கூட்டத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

கப்பல்காரன்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் காசைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1834இல் மணிலா உலக வணிகத்துக்குத் திறக்கப்பட்டது, சர்க்கரையும் அபாகா நாரும் (கயிறு திரிக்கிற மணிலா நார்) வெளியே போயின, நிலம் வைத்திருந்த, குத்தகை எடுத்த குடும்பங்களிடம் பணம் சேர்ந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பா பக்கத்தில் வந்துவிட்டது, பிள்ளைகளை மத்ரீத்துக்கும் பார்சலோனாவுக்கும் படிக்க அனுப்பினார்கள். பின்னாளில் நாட்டின் பெரிய தேசிய வீரராகக் கொண்டாடப்பட்ட எழுத்தாளர் ஹோசே ரிசால் அப்படிப் போனவர்தான். அங்கே போனால் செய்தித்தாள் அரசைத் திட்டுகிறது, யாரும் கைது செய்வதில்லை! 1889இல் 'லா சொலிதாரிதாத்' இதழ் பார்சலோனாவில் தொடங்கியது இப்படித்தான். அதில் கேட்டதும் விடுதலையை அல்ல. ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் இடம், சட்டத்தில் சமத்துவம், துறவிகளின் பிடியிலிருந்து பங்குகள், அவ்வளவுதான்.

ஓரக்கண்:
எல்லாரும் படித்தவர்கள் கதையையே சொல்கிறீர்கள். 1841இல் அப்பொலினாரியோ தெ லா குருஸ் என்று ஒருவர் இருந்தார். 'இந்தியோ' என்பதால் துறவு சபையில் சேர்க்கவில்லை. சரி என்று தானே ஒரு பக்தி சபை நடத்தினார், ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்தது, படையை அனுப்பிக் கொன்றார்கள். அவரைக் கணக்கில் சேர்க்காமல் 1872இலிருந்து தொடங்கினால் பாதிக் கதைதான். தவக்காலத்தில் வீடு வீடாக ஏசுவின் பாடுகளை மணிலா வட்டாரத்துத் தகலோக் மொழியில் பாடிக் கேட்ட சனம் அது. அநியாயமாகக் கொல்லப்படுகிறவன் யார் பக்கம் என்று அவர்களுக்குப் பார்சலோனா வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1892 ஜூலை 7 அன்று மணிலாவில் போனிபாசியோ தொடங்கிய கட்டிபுனான் என்ற ரகசியப் புரட்சிச் சங்கம் பேசியதும் ஸ்பானிஷ் அல்ல, தகலோக். 'பிலிப்பினோ' என்ற பெயரையும் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தீவுகள் முழுக்க உள்ளவர்களையே 'தகலோக்' என்றார்கள். இதை மற்ற மொழிக்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது தனி வழக்கு.

அலைகடல்:
எல்லாருக்கும் நன்றி. அப்படியானால் ரிசாலும் போனிபாசியோவும் எதிரெதிர் அணியா? ரிசால் புரட்சியை எதிர்த்தார் என்றும் எங்கோ படித்தேன்.

பழைய ஏடு:
எதிரணி என்று சொல்ல முடியாது. 1892 ஜூலையில் ரிசால் மணிலாவில் லிகா பிலிப்பினா சங்கத்தைத் தொடங்கியபோது போனிபாசியோ அதில் உறுப்பினர். சில நாட்களிலேயே ரிசாலைப் பிடித்து மிந்தனாவோவில் தபித்தானுக்கு நாடு கடத்த உத்தரவிட்டார்கள், கட்டிபுனான் பிறந்தது அதே நாட்களில். ரிசாலின் அண்ணன் பாசியானோ, புர்கோஸ் வீட்டில் தங்கிப் படித்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். குடும்பப் பெயர் 'மெர்காதோ'வில் அந்தப் புர்கோஸ் தொடர்பின் கறை இருந்ததால்தான் தம்பி 'ரிசால்' என்று பள்ளியில் சேர்ந்தார். 1896இல் கட்டிபுனான் ஆள் தபித்தானுக்குப் போய்க் கேட்டபோது, ஆயுதமும் பணமும் இல்லாமல் இறங்காதீர்கள் என்றுதான் சொன்னார். புரட்சி வெடித்த பிறகு அவரையும் பிடித்து அடைத்தார்கள், டிசம்பர் 15 அன்று சிறையிலிருந்து கலகத்தைக் கண்டித்து அறிக்கையே எழுதிக் கொடுத்தார். படித்துப் பார்த்த ராணுவச் சட்ட அதிகாரி அதை வெளியிட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். இவர் கண்டிப்பது இப்போது இறங்கியதைத்தான், விடுதலையை அல்ல என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. டிசம்பர் 30 காலையில் ரிசாலைச் சுட்டார்கள், அதே பாகும்பாயனில்.